ஐந்தாம் கட்டிலின் பந்தயம்

அவர்கள் அந்த வார்டுக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி. வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே ஃபினாயில் வாசனை, அதற்கு அடியில் எங்கோ ஈரக் கித்தான் துணியின் புழுக்க வாசனை. பழைய படைமுகாம் கட்டடம் அது. உயரமான கூரை, வரிசையாகப் பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய எண். பட்டாளத்தை விட்டு வந்து சூதாட்டத்தில் சிக்கிக்கொண்டவர்களுக்கு என்றே ஒதுக்கியிருந்தார்கள். இருபத்தெட்டு நாள் வைத்தியம். நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கியே தீர வேண்டும்.

தங்க வந்தவள் மனைவி. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். தையல் இயந்திரம் இருந்தவரை அதுதான் அவள் தொழில். ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியபோது இயந்திரம் இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் தரையில் இருந்தது. கணவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் கையூசிதான்.

கணவனுக்குப் படையில் வைத்த பெயர் கம்பி. கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் பதினோரு வருஷம். மண்டியிட்டு, நீளக் கம்பியால் மண்ணை விரற்கடை விரற்கடையாகக் குத்திப் பார்த்து நகர்வது அவன் வேலை. "ஊரெல்லாம் ஜெயில்ல கம்பி எண்ணும். நான் கம்பியாலயே எண்ணினவன்" என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வீடு திரும்பிய பிறகு அந்தச் சிரிப்பும் போயிற்று, தூக்கமும் போயிற்று. அப்போதுதான் கையில் போன் வந்தது, போனில் சுழலும் சூதாட்டச் சக்கரம் வந்தது.

மூத்த நர்ஸ் அவன் போனை வாங்கித் துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். பிறகு அவளிடமும் கையை நீட்டினாள்.

"உங்களோடதும் குடுங்கம்மா. உள்ள யாருக்கும் போன் கிடையாது. சாயங்காலம் நடையில இருக்கிற போன்ல வீட்டுக்குப் பேசிக்கலாம்."

"நடுவுல போகணும்னா, சிஸ்டர்?"

"போகலாம். யாரும் கட்டி வைக்கல. ஆனா வைத்தியம் முடியறதுக்குள்ள வெளிய காலை வச்சா, திரும்பச் சேர்க்க மாட்டாங்க."

கம்பிக்கு நாலாம் எண் கட்டில். அவளுக்கு அதன் காலடியில் ஒரு மடக்குக் கட்டில். பக்கத்தில் ஐந்தாம் எண் காலியாக இருந்தது. விரிப்பை மடிப்பே இல்லாமல் இழுத்துச் செருகியிருந்தார்கள். மற்ற காலிக் கட்டில்களில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. இதில் மட்டும் யாருக்கோ காத்திருப்பதுபோல் தலையணை போட்டிருந்தது.

நாலாம் நாள் கம்பி தூங்கினான்.

வெறும் கண் அயர்தல் இல்லை, குறட்டை விட்டுத் தூங்கினான். ஆறு வருஷமாக ராத்திரியில் இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதன். அவள் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் நடையிலிருந்த போனில் தம்பியை அழைத்து, "மாமா தூங்கிட்டாருடா" என்றாள், ஏதோ பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. தம்பி வீட்டில்தான் மகளை விட்டுவிட்டு வந்திருந்தாள். பதினொரு வயது. சிரிக்க ஆரம்பித்தால் விக்கல் எடுக்கும்வரை விடமாட்டாள்.

வார்டில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஓய்வு நேரம். பச்சைத் திரைகளை இழுத்துவிடுவார்கள். பேசக் கூடாது, நடக்கக் கூடாது. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளத்தடி மாதிரி ஒரு மங்கிய வெளிச்சம் இருக்கும். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றும். ஐந்து நோயாளிகளும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்கள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. அவள் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். திரையின் இடுக்கு வழியே ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள் இறங்குவது தெரிந்தது.

"இடது."

கணவனின் குரல். மூச்சுக்காற்றில் சொன்னது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஒருக்களித்துப் படுத்து, கண்ணாடியில் இறங்கும் இரண்டு துளிகளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இடப்பக்கத் துளி தயங்கி நின்றது. வலது துளி வழுக்கிக்கொண்டு போய்ச் சட்டத்தைத் தொட்டது.

கம்பியின் தோள் தளர்ந்தது.

"சரி. உனக்குத்தான்" என்றான்.

ஐந்தாம் கட்டில் முனகியது.

அவள் ஊசியைப் பிடித்த கை அப்படியே நின்றது. இழுத்துச் செருகிய அந்த விரிப்பின் ஓரத்தில், ஆள் ஒருவன் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு ஒரு பள்ளம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக மேலெழுந்து சமமாயிற்று.

ஈரக் கித்தான் வாசனை ஒரு வீச்சு அடித்து அடங்கியது.

மறுநாள் சாயங்காலம் தம்பி சொன்னான்: "பாப்பா ரெண்டு நாளா சிரிக்கவே இல்லக்கா. டிவி முன்னாடி உட்கார வச்சேன், கோமாளி வேஷம்கூடப் போட்டேன். உம்முன்னு இருக்கா. உன் ஞாபகம் போல."

"அதுதான்டா இருக்கும்" என்றாள் அவள். போனை வைத்த பிறகும் கை அதன்மேலேயே இருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவும் இடத்தில் நர்ஸைப் பிடித்தாள்.

"சிஸ்டர், அஞ்சாம் கட்டில்ல யாரு இருந்தாங்க?"

நர்ஸ் குழாயை மூடினாள். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"ஒரு பீரங்கிப்படை ஆளு. மூணு தடவை வந்து சேர்ந்தாரு. மொதல்ல சம்சாரம் கூட வந்தாங்க. ரெண்டாவது தடவை அண்ணன் வந்தாரு. மூணாவது தடவை கூட வர ஆளே இல்ல, நாங்களே இரக்கப்பட்டுச் சேர்த்துக்கிட்டோம். எதுக்கெடுத்தாலும் பந்தயம்தான். சாப்பாட்டு வண்டி மொதல்ல எந்தக் கட்டில்ல நிக்கும், நான் உள்ள வரப்போ எந்தக் காலை வைப்பேன். இருபத்தேழாவது நாள் மத்தியானம் ஓய்வு முடிஞ்சு திரையைத் தள்ளினேன். கட்டில் ஓரத்துல உட்கார்ந்தபடியே போயிருந்தாரு."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அது கூடப் பரவாயில்லம்மா. சம்சாரத்துக்குப் போன் போட்டேன். 'எந்த ஆளு? எனக்குக் கல்யாணமே ஆகலையே'ன்னாங்க. கோவத்துல சொல்றாங்கன்னு நெனச்சேன். ஆனா அந்தக் குரல்ல கோவமே இல்ல. நெஜமாவே யாருன்னு தெரியாத மாதிரி பேசினாங்க." நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கட்டிலுக்குத் தினம் விரிப்பு மாத்தணும். மாத்தலைன்னா மறுநாள் வார்டுல யாராவது ஒருத்தர் நிலைகொள்ளாம அலைவாங்க. ஏன்னு என்னைக் கேக்காதீங்க."

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவள் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு காதைத் தீட்டியிருந்தாள். இம்முறை சாப்பாட்டு வண்டி. தாழ்வாரத்தில் அது உருண்டு வரும் சத்தம் கேட்டது.

"நம்ம கதவுகிட்ட நிக்கும்" என்றான் கம்பி.

வண்டி நிற்காமல் போயிற்று.

அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் தம்பியின் குரல் நடுங்கியது. "அக்கா, பயப்படாத. நேத்து மத்தியானத்துலேர்ந்து பாப்பாவுக்குப் பேச்சு வரல. வாயைத் திறக்கிறா, காத்துதான் வருது. டாக்டர்கிட்டக் காட்டிட்டேன். தொண்டையில ஒண்ணும் இல்லங்கிறார். எழுதிக் காட்டறா. 'அம்மா எப்ப வருவா'ன்னு எழுதறா."

அவள் நடையிலிருந்து வார்டுக்கு வந்தது அவளுக்கே தெரியாது. கம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"என்னத்தை வச்சு ஆடினீங்க?"

அவன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"என்னங்க, உங்களைத்தான் கேக்கறேன். என்னத்தை வச்சீங்க?"

"மொதல்ல என்னோடதைத்தான் வச்சேன். வெடிச்சத்தத்துல போனது போக இந்தக் காதுல கேக்கிற மிச்சத்தை. ஜெயிச்சேன். என்ன வேணும்னு கேட்டான். தூக்கம் வேணும்னேன். கொடுத்தான். நீயே பார்த்தே இல்ல." அவன் குரல் பிள்ளைக் குரல்போல் இருந்தது. "தூங்கி எந்திரிச்சதும் நெஞ்சு லேசா இருந்துச்சு. இன்னும் ஒண்ணு ஜெயிச்சா தையல் மிஷினைத் திரும்ப வாங்கிடலாம்னு... உனக்காகத்தான். அவன் என்னோடது எதையும் ஏத்துக்கல. 'உன்கிட்ட இனிமே பெறுமானமா ஒண்ணும் இல்ல, வீட்டுல என்ன இருக்கு'ன்னான்."

"அதனால பிள்ளையோட சிரிப்பை வச்சீங்க."

"போனதை எடுத்துடலாம்னு நெனச்சேன்."

"எடுக்கறதுக்கு அவ குரலை வச்சீங்க."

அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. பையை எடுத்துத் துணிகளைத் திணித்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்க. இப்பவே கிளம்பறோம்."

"போனா திரும்ப உள்ள வர முடியாது."

"வர வேணாம்."

"பாப்பாவோட குரல் இங்க இருக்கு" என்றான் அவன். "நாம போயிட்டா, யார் எடுக்கிறது?"

அவள் கையிலிருந்து பை நழுவியது. வாசற்கதவு திறந்துதான் இருந்தது. காவலாளி நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டான். பத்தடி நடந்தால் தெரு. அந்தப் பத்தடியை அவளால் நடக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் திரைகள் இறங்கியதும் அவள் நாற்காலியை இழுத்து ஐந்தாம் கட்டிலுக்கு எதிரே போட்டாள். கம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க" என்றாள். திரும்பிக்கொண்டான்.

விரிப்பு சமமாக இருந்தது.

மின்விசிறி சுற்றியது.

பிறகு விரிப்பின் ஓரம் மெதுவாக அமுங்கியது. கட்டில் முனகியது. அவள் முழங்காலுக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி, யாரோ மூச்சு விட்டார்கள்.

"என்ன வைக்கிற?"

காதில் கேட்டதா மனசில் கேட்டதா என்று தெரியாத குரல். கரகரப்பாக இருந்தது, ஆனால் கெட்ட குரல் இல்லை. நெடுநாள் பேச்சுத்துணை இல்லாமல் இருந்த மனிதனின் குரல். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"என் கையை" என்றாள். "கையில இருக்கிற தொழிலை. ஜெயிச்சா என் பொண்ணோட குரல்."

திரையின் இடுக்கில் தெரிந்த ஜன்னல் கம்பியில் இரண்டு குருவிகள் உட்கார்ந்திருந்தன. எது முதலில் பறக்கும்?

"வலது" என்றாள்.

அந்த நேரம் எவ்வளவு நீண்டதென்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. மின்விசிறிச் சத்தம் நின்றுபோனது. வீடு, வாடகை, தம்பி, கணவன் எல்லாம் எங்கோ விலகிப்போயின. உலகத்தில் இரண்டு குருவிகள் மட்டும் இருந்தன. கம்பி ஒருமுறை சொல்லியிருந்தான்: மண்ணுக்குள்ள கம்பி எதையோ தொட்டுட்டா, அது கல்லா வெடியான்னு தெரியற வரைக்கும் மனசுல ஒரு கவலையும் இருக்காது. பதினோரு வருஷம் அந்த நிமிஷத்துலயே இருந்தேன், வெளிய வந்து அதைத்தான் தேடறேன். அப்போது அவளுக்கு அது புரியவில்லை.

வலது குருவி பறந்தது.

சாயங்காலம் போனை எடுத்ததும் மகளே பேசினாள். "அம்மா, எனக்குப் பேச்சு வந்துடுச்சு. மத்தியானம் திடீர்னு வந்துடுச்சு." அவள் நடைச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்பி அவள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினான். "போதும். இதோட விட்டுடு. நாளைக்கு நாற்காலியைப் போடாத. நான் சொல்றதைக் கேளு, எனக்கு இந்த வழி தெரியும்."

"சிரிப்பு இன்னும் அவன்கிட்ட இருக்கு."

"இருக்கட்டும். பிள்ளை பேசறா இல்ல, அது போதும்."

"ஒரே ஒரு தடவைங்க" என்றாள் அவள். "கை ராசியா இருக்கிறப்பவே எடுத்துடறேன்."

கம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

பதினைந்தாம் நாள் மத்தியானம் அவள் மறுபடி உட்கார்ந்தாள். பள்ளம் அவளுக்கு முன்பாகவே வந்து காத்திருந்தது. கையை வைப்பதாகச் சொன்னாள். ஒரே பொருளை இரண்டு தடவை ஏற்பதில்லை என்றது குரல். வேறு என்ன இருக்கிறது என்றது. அவள் யோசித்தாள். யோசித்து ஒன்றைச் சொன்னாள். தோற்போம் என்ற நினைப்பே அப்போது வரவில்லை.

வாசலில் நர்ஸின் செருப்புச் சத்தம். வாசற்படியில் எந்தக் காலை வைப்பாள்?

"இடது."

நர்ஸ் வலது காலை வைத்தாள்.

ஐந்தாம் கட்டில் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. பள்ளம் எழுந்து சமமாயிற்று. கித்தான் வாசனையும் போயிற்று.

அவள் நாற்காலியைவிட்டு எழுந்து தன்னைத் தானே சோதித்தாள். கண் தெரிந்தது. விரல்கள் மடங்கின. ஊசியில் நூல் கோர்த்துப் பார்த்தாள், முதல் தடவையே நுழைந்தது. கம்பி உயிரோடு இருந்தான், அவனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. சாயங்காலம் மகள் போனில் பேசினாள். தம்பி பேசினான். எல்லாரும் இருந்தார்கள்.

"ஒண்ணும் போகலைங்க" என்றாள் கணவனிடம்.

"என்னத்தை வச்சே?"

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு நுனிவரை வந்தது. அங்கே ஒன்றும் இல்லை.

மிச்சம் பதின்மூன்று நாளும் அந்த விரிப்பு கசங்கவே இல்லை. வயிறு நிறைய உண்டவன் நிம்மதியாகத் தூங்குவதுபோல் ஐந்தாம் கட்டில் அமைதியாகக் கிடந்தது. இருபத்தெட்டாம் நாள் நர்ஸ் போன்களைத் திருப்பிக் கொடுத்தாள். கம்பி தன்னுடையதை வாங்கவே இல்லை. "வித்துடுங்க சிஸ்டர், இல்லாட்டி உடைச்சுப் போடுங்க" என்றான். அதை மனப்பூர்வமாகச் சொன்னான். கிடங்கு ஒன்றில் காவல் வேலை கிடைத்தது. தூங்கினான். மகள் பேசினாள், படித்தாள். சிரிக்க மட்டும் இல்லை. வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் அவள் தையல் கூடையைக் கவிழ்த்துத் துழாவினாள். அடியில் ஒரு சட்டை கிடந்தது.

சின்னச் சட்டை. ஐந்து, ஆறு வயதுப் பையனுக்கு ஆகும். ஒரு கை தைத்திருந்தது, மறு கை குண்டூசியோடு நின்றிருந்தது. தையல் அவளுடையது. பொத்தான் துளைக்கு அவள் மட்டுமே போடும் இரட்டை முடிச்சு. கழுத்துப் பக்கம் சாக்குக்கட்டியால் அளவு குறித்திருந்தது, அவள் கையெழுத்தில். யாருக்கு அளவெடுத்தாள்? பள்ளிக்குத் தைத்தது இல்லை, சீருடைத் துணி வேறு. கணவனிடம் காட்டினாள். அவனுக்கும் தெரியவில்லை. சட்டையைக் கீழே வைக்கப் போனாள். கை விடமாட்டேன் என்றது.

வார்டில் கொடுத்த காகிதங்களை எடுத்துப் பார்த்தாள். சேர்க்கைப் படிவத்தின் நகல் இருந்தது. முதல் நாள் அவளே உட்கார்ந்து நிரப்பியது. நோயாளியின் வயது. செய்த வேலை. துணைக்கு இருப்பவர். பிள்ளைகள்.

பிள்ளைகள் என்பதற்கு எதிரே 2 என்று எழுதியிருந்தது.

தம்பியை அழைத்தாள். "ஏன்டா, நான் போறப்போ உங்க வீட்டுல யாரை விட்டுட்டுப் போனேன்?"

"என்னக்கா இப்படிக் கேக்கிற? பாப்பாவைத்தான்."

"பாப்பாவை மட்டுமா?"

"மட்டும்தான்" என்றான். அவன் குரல் ஏன் கம்மியது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அவள் போனை வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். துணி எடுத்து வைக்க ஆரம்பித்தாள். கம்பி கதவை மறித்து நின்றான்.

"எங்க போற?"

"வார்டுக்கு. அவன்கிட்டப் போகணும்."

"நோயாளி இல்லாம உன்னை உள்ள விட மாட்டாங்க."

"ஒரே ஒரு ஆட்டங்க. போனதை எடுத்துட்டு வந்துடறேன்."

"என்ன போச்சுன்னே உனக்குத் தெரியல" என்றான் அவன். அவன் அழுதுகொண்டிருந்தான். "எதை வச்சு ஆடப்போற? மிச்சம் யாரு இருக்கா?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி மகளைப் பார்த்தார்கள்.

அவள் மூலையில் சுவரோடு சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மறு பாதியைத் தனக்கு இடப்பக்கம், காலியான தரையில் வைத்தாள்.

"அது யாருக்கு, பாப்பா?"

மகள் அதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"தெரியலம்மா. தினம் வைக்கணும்னு தோணுது."

அம்மா மெதுவாக அருகே போய் மண்டியிட்டாள். அந்தப் பாதிப் பிஸ்கட்டை விரலால் தொடக்கூடப் பயந்து, குனிந்து பார்த்தாள்.

அதன் ஓரத்தில் கடித்த தடம் இருந்தது. மிகச் சின்னப் பற்கள். முன்பல் ஒன்று விழுந்த இடைவெளியோடு, ஈரம்கூடக் காயாமல்.